குழந்தை அழுவது குற்றமல்ல!
நீண்ட விமானப் பயணத்திற்குப் பெற்றோர் தயாராவது எப்படி?



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் பயணப் பேச்சு தொடங்கிவிடும். ஒரு காலத்தில் அந்தப் பேச்சு கேமரன் மலை, பினாங்கு என்று நின்றுவிடும். மிஞ்சிப் போனால் சென்னை, திருச்சி. இன்றைய நிலை வேறு. அண்ணன் லண்டனில் வேலை செய்கிறார். தங்கை மெல்பர்னில் குடியேறிவிட்டார். கணவர் மேற்படிப்புக்காகச் சென்றிருக்கிறார், மனைவி பிள்ளைகளோடு பின்னால் போகிறார். கோலாலம்பூரிலிருந்து சென்னைக்குச் சுமார் 4 மணி நேரம். மெல்பர்னுக்கு 8 மணி நேரம். லண்டனுக்கோ ஏறக்குறைய 14 மணி நேரம்! ஒரு கையில் கைக்குழந்தை, மறு கையில் ஓடத் துடிக்கும் இரண்டரை வயதுப் பிள்ளை. இந்த 14 மணி நேரத்தை எப்படிக் கடப்பது என்பதே இந்த வாரம் நாம் பேசப்போகும் விஷயம்.

இந்தத் தலைப்பைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் தாய்மார்கள் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “பிள்ளை தூங்குவதற்கு என்ன மருந்து கொடுக்கலாம்?” இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம். ஏனென்றால் மற்ற எல்லாம் வசதி பற்றியவை. இது மட்டும் உயிர் பற்றியது.

தூக்க மருந்து வேண்டாம்

சளிக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கும் சில மருந்துகள் தூக்கத்தை வரவழைக்கும். வீட்டில் மீதமிருக்கும் அந்த மருந்தை ‘ஒரு மூடி’ கொடுத்தால் லண்டன் வரை பிள்ளை தூங்கும் என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். சொல்பவரின் நோக்கம் நல்லதுதான். ஆலோசனைதான் ஆபத்தானது.

இவ்வகை மருந்துகளில் ஒன்றான புரோமெதசின், 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004ஆம் ஆண்டு மிகக் கடுமையான எச்சரிக்கையை வெளியிட்டது. மூச்சு மட்டுப்பட்டுச் சில குழந்தைகள் இறந்ததே அதற்குக் காரணம். தரையிலேயே இந்த நிலை என்றால், பிராண வாயு சற்றுக் குறைவாகக் கிடைக்கும் விமானத்திற்குள் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதோடு, இதே மருந்துகள் சில பிள்ளைகளிடம் நேர்மாறாக வேலை செய்யும். தூங்க வேண்டிய பிள்ளை பரபரப்படைந்து கத்தத் தொடங்கும். மருத்துவர் உங்கள் பிள்ளையைப் பார்த்து, ஒரு நோய்க்காக எழுதிக் கொடுத்த மருந்தைத் தவிர வேறு எதையும் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் அழுகையை எப்படிச் சமாளிப்பது? விமானத்தில் குழந்தை காரணமில்லாமல் அழுவதில்லை. காது வலி, வயிற்றுக் காற்று, வறட்சி, பசி, களைப்பு ஆகியவையே பெரும்பாலான காரணங்கள். காரணம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

காது வலி: இறங்கும்போது எழுப்புங்கள்

விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும் உள்ளே நாம் உணரும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதைப் போன்றது. கேமரன் மலையில் பிரிஞ்சாங் மலை உச்சியில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விமானம் ஏறும்போது நடுக்காதில் இருக்கும் காற்று சுலபமாக வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் சிக்கல். வெளியே அழுத்தம் கூடுகிறது. காதையும் தொண்டையையும் இணைக்கும் மெல்லிய குழாய் திறந்து காற்று உள்ளே போக வேண்டும். ஈரமான உறிஞ்சுகுழல் ஒட்டிக்கொள்வது போல் அந்தக் குழாய் மூடிக்கொண்டால் செவிப்பறை உள்நோக்கி இழுபடும். அதுதான் வலி.

குழந்தைகளுக்கு இந்தக் குழாய் குறுகியது. பெரியவர்களுக்கு இருப்பதைப் போல் சரிவாக இல்லாமல் ஏறக்குறையப் படுக்கைவாட்டில் இருக்கும். நாம் எச்சிலை விழுங்குவோம், கொட்டாவி விடுவோம், மிட்டாய் சப்புவோம். ஏழு மாதக் குழந்தைக்கு அது தெரியாது. விழுங்க வைக்க வேண்டியது நம் வேலை. தாய்ப்பால், பால் புட்டி, சூப்பான் ஆகியவற்றில் எதுவானாலும் சரி. மூன்று வயதை நெருங்கும் பிள்ளைக்கு உறிஞ்சுகுழல் போட்ட தண்ணீர்ப் புட்டி போதும்.

நேரம் இங்கே முக்கியம். தரையைத் தொடுவதற்குச் சுமார் அரை மணி நேரத்திற்கு முன்பே விமானம் இறங்கத் தொடங்கிவிடும். பலர் சக்கரம் தரையைத் தொடும் நேரத்திற்காகப் பாலைச் சேமித்து வைப்பார்கள். அதற்குள் வலி வந்துவிடும். தூங்கும் குழந்தை குறைவாகவே விழுங்கும் என்பதால், இறங்கப் போகும் அறிவிப்பு வந்ததும் எழுப்பிப் பால் கொடுப்பதே நல்லது. “தூங்கும் பிள்ளையை எழுப்பாதே” என்று பாட்டி சொல்வது வீட்டுக்குப் பொருந்தும். விமானம் இறங்கும் அரை மணி நேரத்திற்கு மட்டும் பாட்டி மன்னிக்கட்டும்!

கடுமையான சளியோ காதில் தொற்றோ இருந்தால் பயணத்திற்கு முன் கிளினிக்குச் சென்று காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பயணத்தை ஒரு வாரம் தள்ளி வைக்க நேர்ந்தாலும் நஷ்டமில்லை.

வயிறும் வறட்சியும்

விமானத்தில் உருளைக்கிழங்குச் சீவல் பாக்கெட் பலூன் போல் உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழுத்தம் குறையும்போது காற்று விரிகிறது. இந்த விரிவு கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும். அதே காற்று குழந்தையின் வயிற்றிலும் விரிகிறது. எனவே ஒரே நேரத்தில் நிறையப் பால் கொடுக்காமல், சிறிது சிறிதாகக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் வர விடுங்கள். பால் புட்டியின் மூடியைத் திறக்கும்போதும் கவனம் தேவை. உள்ளே விரிந்த காற்று பாலை உங்கள் சட்டையில் பீய்ச்சிவிடும்.

அடுத்தது வறட்சி. நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டைச் சுற்றியே இருக்கும். விமானத்திற்குள் அது பொதுவாக 20 விழுக்காட்டுக்கும் கீழே. மூக்கு வறண்டுவிட்டால் குழந்தைக்குப் பால் குடிப்பதே சிரமமாகிவிடும். மருந்தகத்தில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டுமருந்து ஒன்றைக் கையில் வைத்திருங்கள். வழக்கத்தைவிட அடிக்கடி பால் கொடுங்கள். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குப் பாலே போதும். தனியாகத் தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பால் கொடுப்பவர் தானும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

பால்மாவு கலப்பவர்கள் ஒவ்வொரு வேளைக்குரிய மாவையும் தனித்தனி டப்பாவில் அளந்து எடுத்துச் செல்லுங்கள். கழிப்பறைக் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்த வேண்டாம். சிப்பந்தியிடம் வெந்நீர் கேட்டு வாங்கி, கலந்து, ஆற வைத்து, கையில் சொட்டுவிட்டுப் பார்த்த பிறகே கொடுங்கள். குழந்தை மடியில் இருக்கும்போது உங்களுக்குச் சூடான தேநீர் வேண்டாம். விமானம் ஒரு முறை குலுங்கினால் போதும், குழந்தையின் தோல் வெந்துவிடும்.

மடியா, இருக்கையா?

இரண்டு வயது நிரம்பாத குழந்தை பெற்றோரின் மடியில் பயணம் செய்யலாம். அனைத்துலகப் பயணங்களில் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் 10 விழுக்காடு வசூலிப்பார்கள். இரண்டாவது பிறந்தநாள் வந்துவிட்டால் தனி இருக்கை கட்டாயம். போகும்போது ஒன்றே முக்கால் வயது, திரும்பும்போது இரண்டு வயது என்றால் திரும்பும் பயணத்திற்கு இருக்கை வாங்க வேண்டும். டிக்கெட் எடுக்கும் முன் பிறந்த தேதியைப் பாருங்கள்.

மடியில் வைப்பது மலிவு. ஆனால் பாதுகாப்பில் தனி இருக்கைக்கு அது ஈடாகாது. 1989ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவின் சியூ சிட்டியில் ஒரு விமானம் நொறுங்கித் தரையிறங்கியது. அதில் நான்கு குழந்தைகள் மடிப் பயணிகள். அக்கால நடைமுறைப்படி, குழந்தைகளைத் தரையில் வைத்துப் பிடித்துக்கொள்ளுமாறு பெற்றோருக்குச் சொல்லப்பட்டது. ஒரு குழந்தை பிழைக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டியிருந்த தலைமைச் சிப்பந்தி ஜான் பிரவுன், குழந்தைகளுக்குத் தனி இருக்கை வேண்டும் என்று அதன் பிறகு பல ஆண்டுகள் குரல் கொடுத்தார். இன்றும் அமெரிக்காவில் மடிப் பயணம் சட்டப்படி செல்லும். ஆயினும் அங்குள்ள விமானப் போக்குவரத்து நிர்வாகம், அங்கீகரிக்கப்பட்ட குழந்தை இருக்கையில் அமர்த்துவதையே பரிந்துரைக்கிறது.

எல்லோராலும் இன்னொரு டிக்கெட் வாங்க முடியாது என்பதை நான் அறிவேன். மடியில்தான் என்றால் இரண்டு விதிகளை மறக்காதீர்கள். ஒன்று, சிப்பந்தி கொடுக்கும் கூடுதல் வாரைக் குழந்தைக்குத் தனியாகப் போடுங்கள். உங்கள் வாருக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துக் கட்டக்கூடாது. குலுங்கும்போது உங்கள் உடல் எடை முழுவதும் குழந்தையை நசுக்கும். இரண்டு, பெரிய பிள்ளை தூங்கினாலும் அதன் இருக்கை வாரை அவிழ்க்காதீர்கள். 2024 மே 21ஆம் தேதி லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்துகொண்டிருந்த விமானம் மியன்மார் வான்வெளியில் கடுமையாகக் குலுங்கியதில் பலர் காயமடைந்தனர், ஒருவர் உயிரிழந்தார். கூரைவரை தூக்கி வீசப்பட்டவர்கள் பெரும்பாலும் வார் அணியாதவர்கள்.

விமானத்தின் முன்தடுப்புச் சுவரில் மாட்டும் தொட்டிலுக்கு டிக்கெட் எடுக்கும்போதே சொல்லி வையுங்கள். அவை சிலவே இருக்கும். எடை வரம்பு நிறுவனத்திற்கு நிறுவனம் மாறுபடும். இருக்கை வார் விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்தாக வேண்டும்.

ஒரே வரிசையில் இரண்டு கைக்குழந்தைகளை ஏன் விடுவதில்லை என்று சிலர் கோபப்படுவார்கள். பொதுவாக ஒவ்வொரு இருக்கைத் தொகுப்புக்கும் ஒரே ஒரு பிராண வாயு முகமூடிதான் கூடுதலாக இருக்கும். அதனால்தான் அந்தக் கட்டுப்பாடு. அந்த முகமூடி விழும் நிலை வந்தால் முதலில் நீங்கள் அணியுங்கள், பிறகு பிள்ளைகளுக்கு அணிவியுங்கள். தாய் மனம் இதை ஏற்காது. ஆனால் 35,000 அடி உயரத்தில் அழுத்தம் போனால் நாம் தெளிவாகச் செயல்படக் கிடைப்பது அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம்தான். நாம் மயங்கினால் பிள்ளைக்கு உதவ யார்?

ஓடும் பிள்ளைக்கு என்ன வழி?

கைக்குழந்தையைவிட அதிகம் களைக்க வைப்பது இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைதான். அந்த வயதில் ஒரு விளையாட்டில் மனம் நிற்பது சில நிமிடங்கள். ஆகவே ஒரு பெரிய பொம்மையைவிடப் பத்துச் சின்னப் பொருள்கள் மேல். ஒட்டுப்படப் புத்தகம், வண்ண மெழுகு, மூடி திறந்து மூடும் சிறு டப்பாக்கள் போன்றவற்றைத் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி வையுங்கள். ஒரு மணி நேரத்திற்கு ஒன்று. பிரித்துப் பார்ப்பதிலேயே ஐந்து நிமிடம் போகும். எல்லாவற்றையும் முதல் மணி நேரத்தில் கொட்டிவிட்டால் மீதி 13 மணி நேரம் கை வெறுமையாகிவிடும்.

திரையில் கார்ட்டூன் காட்டலாமா? வீட்டில் கட்டுப்பாடு வைத்திருப்பவர்கள்கூட விமானத்தில் சற்றுத் தளர்த்தலாம். ஆனால் காதில் பொருந்தும் சிறிய ஒலிவாங்கியை வீட்டிலேயே அணியப் பழக்குங்கள். விமானத்தில் முதன்முறையாக மாட்டினால் பிள்ளை பிடுங்கி எறியும்.

ஏறுவதற்கு முன் விமான நிலையத்தில் நன்றாக ஓட விடுங்கள். குழந்தையுள்ள குடும்பங்களை முதலில் ஏற அழைப்பார்கள். இருவர் செல்வதாக இருந்தால் ஒருவர் பைகளோடு முதலில் ஏறட்டும். மற்றவர் பிள்ளையைக் கடைசி வரை நடக்க விட்டுப் பிறகு ஏறட்டும். புதிதாகக் கழிப்பறை பழகும் பிள்ளைக்கும் அன்று ஒரு நாள் பெம்பர்ஸ் போட்டுவிடுங்கள். இருக்கை வார் விளக்கு எரியும்போது எழுந்து செல்ல முடியாது.

உணவு விஷயத்தில் பிள்ளைகளுக்கான உணவை முன்கூட்டியே பதிவு செய்யலாம். ஆனாலும் வீட்டில் பழகிய உணவு கொஞ்சம் இருக்கட்டும். சிறிய இட்லி, பிஸ்கட், வாழைப்பழம் போன்றவை கையை அதிகம் அழுக்காக்காது. எஞ்சியதை இறங்கும் முன் குப்பையில் போட்டுவிடுங்கள். பல நாடுகளின் சுங்கத்துறை உணவுப் பொருள்களில் கண்டிப்பானது, ஆஸ்திரேலியா சொல்லவே வேண்டாம்.

பையும் கடப்பிதழும்

14 மணி நேரத்திற்கு எட்டு பெம்பர்ஸ் போதும் என்று கணக்கு வந்தால் பன்னிரண்டு எடுத்து வையுங்கள். தாமதம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. பிள்ளைகளுக்கு இரண்டு மாற்றுடை, உங்களுக்கும் ஒரு மேல்சட்டை. இதைப் பலர் மறந்துவிட்டு, வாந்தி வாசனையோடு ஹீத்ரோவில் இறங்குவார்கள்.

2006 ஆகஸ்ட் மாதம் லண்டனில் ஒரு சதித்திட்டம் முறியடிக்கப்பட்ட பிறகு, கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேல் திரவம் கொண்டுசெல்லக் கட்டுப்பாடு வந்தது. புதிய கருவிகள் பொருத்தப்பட்ட சில விமான நிலையங்களில் இது இப்போது தளர்ந்துள்ளது. குழந்தைக்குத் தேவையான பாலுக்கும் உணவுக்கும் பொதுவாக விலக்கு உண்டு. அவற்றைத் தனிப் பையில் வைத்துச் சோதனையில் நீங்களாகவே எடுத்துக் காட்டுங்கள்.

நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கடப்பிதழில் தாயின் பெயருக்குப் பின் அவருடைய தந்தையின் பெயர். பிள்ளையின் பெயருக்குப் பின் கணவரின் பெயர். ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்றால் மகன், மகள் என்பது வெளிநாட்டுக் குடிநுழைவு அதிகாரிக்குத் தெரியாது. “இந்தப் பிள்ளை உங்களுடையதுதானா?” என்று கேட்பார். அது அவமதிப்பு அல்ல; குழந்தைக் கடத்தலைத் தடுக்கும் கேள்வி. பிறப்புப் பத்திரத்தின் நகலைக் கைப்பையில் வைத்திருங்கள். தாய் மட்டும் அல்லது தந்தை மட்டும் அழைத்துச் சென்றால், மற்றவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் ஒன்றும் இருப்பது நல்லது.

அழுகையும் அக்கம் பக்கமும்

இத்தனையும் செய்த பிறகும் குழந்தை அழலாம். அப்போது தாய்க்கு வலிப்பது குழந்தையின் அழுகை மட்டுமல்ல, சுற்றியிருப்போரின் பார்வையும்தான். தூக்க மருந்துக் கேள்வியின் உண்மையான வேர் இதுவே. பிள்ளைக்காக அல்ல, பார்வைக்குப் பயந்துதான் பலர் மருந்தை நாடுகிறார்கள்.

நம் நாட்டு நிறுவனங்களும் இந்தப் பிரச்சினையைச் சந்தித்துள்ளன. மலேசிய ஏர்லைன்ஸ் 2012இல் தன் ஏ380 விமானங்களின் மேல்தளச் சாதாரண வகுப்பில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்குவதில்லை என்று முடிவு செய்தது. ஏர் ஏசியா எக்ஸ் 2013இல் ‘அமைதிப் பகுதி’ ஒன்றை அறிமுகப்படுத்தியது. அமைதி விரும்பும் பயணிக்கு அது நியாயமான வசதிதான். 14 மணி நேரம் கழித்து நேராக வேலைக்குச் செல்பவருக்கும் தூக்கம் தேவை. ஆனால் குழந்தை பயணம் செய்வதே தவறு என்ற எண்ணம் நமக்குள் வந்துவிடக் கூடாது. நாம் எல்லோருமே ஒரு காலத்தில் அழுத குழந்தைகள்தான்.

பெற்றோரே, பக்கத்தில் இருப்பவரிடம் ஏறியவுடன் புன்னகையோடு ஒரு வார்த்தை பேசுங்கள். பிள்ளை முன் இருக்கையை உதைத்தால் உடனே தடுங்கள். அது நம் கடமை. அழுகைக்காக மட்டும் தலை குனியாதீர்கள்.

பயணிகளே, அந்தத் தாயை முறைப்பதற்குப் பதில் “கொஞ்ச நேரம் நான் பையைப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கழிப்பறைக்குப் போய் வாருங்கள்” என்று கேட்டுப் பாருங்கள். நான் இரண்டு பிள்ளைகளோடு பறந்தபோது, எனக்கு முன்பின் தெரியாத ஒரு மலாய்க்கார மாக்சிக் இப்படிக் கேட்டார். அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய உதவி அதுதான்.

அப்பாக்களுக்கும் ஒரு சொல். மூன்று இருக்கை தள்ளி அமர்ந்து காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொள்வது துணையாகாது. நான்கு மணி நேரத்திற்கு ஒருவர் என முறை வைத்துக்கொள்ளுங்கள். முறை இல்லாதவர் கண்டிப்பாகத் தூங்க வேண்டும். இருவருமே களைத்து இறங்கினால் அடுத்த நாள் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை.

இறங்கிய பிறகு

லண்டன் நேரம் நம் நேரத்திற்குக் கோடைக் காலத்தில் 7 மணி நேரமும் குளிர்காலத்தில் 8 மணி நேரமும் பின்னால் இருக்கிறது. பிள்ளைகள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து விளையாடக் கேட்பார்கள். உடல் கடிகாரம் மாற ஏறக்குறைய ஒரு மணி நேர வித்தியாசத்திற்கு ஒரு நாள் என்ற கணக்கில் சில நாள்கள் ஆகும். பகலில் வெளிச்சத்தில் அழைத்துச் செல்லுங்கள். இரவில் விளக்கை மங்கலாக வையுங்கள். முதல் இரண்டு நாளில் விருந்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். உறவினர் கோபித்துக்கொண்டால் பரவாயில்லை, பிள்ளை தூங்கியதும் சமாதானம் செய்துகொள்ளலாம்.

நேயர்களே, நீண்ட பயணம் 14 மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்காகக் குழந்தையின் உடல்நலத்தைப் பணயம் வைக்கத் தேவையில்லை. காதுக்குப் பால், வயிற்றுக்கு ஏப்பம், மூக்குக்கு ஈரம், உடலுக்கு வார், மனத்துக்குப் பொறுமை. இந்த ஐந்தையும் கைப்பையோடு எடுத்துச் செல்லுங்கள். உங்கள் பயணம் இனிதாக அமைய வாழ்த்துகள். அடுத்த வாரம் வேறொரு தலைப்பில் சந்திப்போம்.